என் பேரை வெட்டித் தாருங்கள்

நான் இதுவரை ஒரே ஒரு கம்பெனியில்தான் சேர்ந்திருக்கிறேன். அதிலும் வேலைக்குச் சேரவில்லை. என்றைக்காவது வேலை வந்தால் கூப்பிடலாம் என்று ஆட்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு பட்டியலில் சேர்ந்தேன். ஒன்பது மாதம் அதில் இருந்தேன். அந்த ஒன்பது மாதத்தில் நான் பார்த்த ஒரே வேலை, அதில் இருந்ததுதான். பிறகு நானே கெஞ்சிக் கேட்டு வெளியே வந்தேன்.

கம்பெனி கொழும்பில் இருக்கிறது. கையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டியும், போனில் போட்டுக்கொள்ளும் ஒரு ஆப்பும் செய்கிறார்கள். கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம், எத்தனை படி ஏறினோம், நெஞ்சு எத்தனை தரம் அடித்தது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுமாம். தூங்கினோமா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கையில் ஒன்றைக் கட்ட வேண்டிய மனிதர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே வேலை பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. பதுளையில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்துவிட்டு, தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவில் உட்கார்ந்து, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் கம்பியில் போனைச் சொருகிவைத்து, கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பேங்க், இன்சூரன்ஸ், பிஸ்கட் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பிஸ்கட் கம்பெனி பதில்கூடப் போடவில்லை.

இந்தக் கம்பெனியின் பக்கத்தில் மட்டும், இப்போது வேலை எதுவும் காலி இல்லை, ஆனாலும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு படிவம் இருந்தது. வேலையே இல்லையென்றால் என்னைப் பற்றித் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கத் தெரிந்த வயதுதான் எனக்கு, இருபத்தாறு. கேட்கவில்லை, நிரப்பினேன். உங்களுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி. எங்கள் லயத்தில் தண்ணீர்ப் பீலிக்குப் போக இறக்கம், கக்கூசுக்குப் போக ஏற்றம், உறவு ரொம்ப நெருக்கம் என்று எழுதத்தான் கை வந்தது. அடக்கிக்கொண்டு, உடலியக்கத்தில் தீராத ஆர்வம் கொண்டவள் என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். எந்த ஜிம்முக்குப் போகிறீர்கள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சாயங்காலம். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அப்பா முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முதல் வார்த்தையே கங்கிராஜுலேஷன்ஸ் என்றிருந்ததால் நான் சத்தமாகவே வாசித்துத் தொலைத்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் அந்த வார்த்தை தெரியும், கல்யாண மண்டபங்களில் தெர்மகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அதில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன்.

"என் பேரை எடுத்துக்கிட்டாங்களாம்ப்பா. வேலை வர்றப்ப கூப்பிடுவாங்களாம்."

"பேரை எடுத்துக்கிட்டாங்கல்ல? அப்புறம் என்ன?" என்றார் அப்பா. எழுந்து பொத்தான் பாதி தைத்த சட்டையையே மாட்டிக்கொண்டு, பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்லப் போனார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் எல்லாமே பேரில்தான் ஓடுகிறது. முதலில் ஆபீசில் பேர் பதிவார்கள். பதிந்துவிட்டால் நீங்கள் தோட்டத்து ஆள். காலையில் பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நின்றால், எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். பேர் பதிந்த ஆள் வந்து நின்றால் வேலை கொடுத்தே ஆக வேண்டும். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். வயது முடிந்தால் பேர் வெட்டுவார்கள். அப்பா முப்பத்திரண்டு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் நின்று, பேர் வெட்டப்பட்டு வீட்டுக்கு வந்தவர். பேரை எடுத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடாத ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்?

எனக்குத் தெரியும். அன்றைக்கே, அந்த நிமிஷமே, அவர் என்ன நினைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய், அப்படி இல்லைப்பா, அந்தப் பட்டியலில் என்னைப் போல ஆயிரம் பேர் கிடக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் படிப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்த லயம், அன்றைக்கு முதல் தடவையாக, கொழும்புக்கு எப்போது போகிறாய் என்று கேட்டது. அது எனக்கு நன்றாக இருந்தது. நானும் போகணும் என்று இழுத்துச் சொல்லி வைத்தேன்.

இங்கே எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில், பேர் இருந்த ஒரே ஆள் அம்மாதான். அவருக்கும் வருஷக் கடைசியில் வயது முடிகிறது. வீட்டில் ஒருத்தருக்காவது தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால், காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி ஆபீசிலிருந்து கடிதம் வரும். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கடிதம் வருவது தெரியும். மேல் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு வந்து, அவர்கள் அலுமாரியையும் சாமிப் படங்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனதை எல்லாருமாக நின்று பார்த்தோம். கொஸ்லந்தைப் பக்கம் மலை சரிந்து இறங்கி லயத்தை மூடியபோது மண்வெட்டியோடு போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தவர் அப்பா. அதன் பிறகு வீடு என்ற பேச்சில் அவரோடு யாரும் விளையாடுவதில்லை.

அந்தக் கவலைக்கு ஒரு வழியும் அப்போது இருக்கத்தான் செய்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளைக் காம்பராவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. தோட்டத்து வேலைதான், செக்ரோலில் பேர் விழும், காம்பரா நிற்கும். தோட்டத்துப் பிள்ளைகளில் படித்தவர்களின் பட்டியல் ஒன்று ஆபீசில் இருந்தது. அதில் முதல் பேர் என்னுடையது. அடுத்த பேர், பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தையோடு இருந்த அக்காவுடையது.

ஒரு நாள் மத்தியானம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வெளியே போய்விட்டு வந்தார். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். மகளுக்குக் கொழும்புக் கம்பெனியில் பேர் பதிந்தாயிற்று, அதனால் இங்கே பட்டியலில் இருந்து அவள் பேரை எடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, தானாகவே போய்க் கொடுத்திருக்கிறார். ஒரு ஆளுக்கு ஒரு செக்ரோலில்தான் பேர் இருக்கலாம், இரண்டு இடத்தில் வைத்திருப்பது களவு. அது அவர் கணக்கு.

"நமக்குத்தான் ஒன்னு கெடச்சிருச்சே. இன்னொருத்தர் சோத்துல எதுக்குக் கை வைக்கணும்?" என்றார்.

நான் போனில் மணியைப் பார்த்தேன். ஆபீஸ் பூட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஏறி ஓடினால் இருபது நிமிஷம். நான் ஓடவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க இருபத்தைந்து மூக்கைத் துடைக்கும் வேலை போனதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. டிப்ளோமா படித்தது அதற்கா என்று எனக்கு ஒரு கொழுப்பு. அடுத்த வாரம் பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு தட்டு நிறையக் கேசரியோடு வந்து, உங்களால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேசரியை நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கம்பெனி என்னை மறந்துவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன். மாதம் தவறாமல் மெயில் போட்டார்கள். எல்லாம் என் உடம்பைப் பற்றித்தான். தண்ணீர் குடியுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள், மணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். நாற்காலி எப்போது தருவீர்கள் என்று கேட்டுப் பதில் போட்டால் அது போய்ச் சேராது, இந்த விலாசத்துக்குப் பதில் அனுப்ப முடியாது என்று திரும்பி வரும். வேலையில்லாமல் சோம்பிக் கிடந்ததால் நான் அந்த மெயில்களை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதை ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு ஐந்து பயிற்சிகள் என்று ஒன்று வந்தபோது, அம்மா முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்து வேலையா? அது தோட்டத்துல எந்த டிவிசன்ல குடுக்குறாங்க?" என்று கேட்டார்.

இன்னொன்று இன்னும் விசேஷம். முதுகில் பாரத்தைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவதுதான் இப்போது உலகம் முழுக்கப் புதிய பயிற்சியாம், அதற்கென்று தனியாகப் பையும் எடைக்கட்டியும் விற்கிறார்களாம். படம்கூடப் போட்டிருந்தார்கள், ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே ஏறுகிறாள். அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். அதற்கு அரைப் பேரா, முழுப் பேரா என்று கேட்டார். பேரே கிடையாது, அவர்களாகவே காசு கொடுத்து ஏறுகிறார்கள் என்றேன். அம்மா என்னை நம்பவில்லை. நான் சரியாக இங்கிலீஷ் படிக்கவில்லை என்று அவருக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவே மாட்டார். மெயில் வந்த சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்த்து, கூப்பிட்டுவிட்டார்களா என்பார். இன்னும் இல்லை என்பேன். பெரிய இடம், வரிசை நீளமாக இருக்கும் என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்வார். ஆடி போய், தீபாவளி போய், கார்த்திகையும் பிறந்தது. அம்மாவின் பேர் வெட்ட ஒரு மாதம்தான் பாக்கி. அப்போது ஒரு நாள் காலையில், அப்பா கொல்லையில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, யாரிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்துக் காம்பரா அக்காவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கம்பெனியில் காம்பரா எத்தனை அறை தருவார்கள் என்று கேட்டார். பேர் பதிந்த இடத்தில் குடியிருக்க இடமும் தருவார்கள் என்பது அவருக்கு இவ்வளவு நாளும் கேள்வியே இல்லாத விஷயம். மூன்று பேருமாகக் கொழும்புக்குப் போகப் போகிறோம் என்று ஒன்பது மாதமாக அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்ததற்குக் கூலியாக, ஒரு மாதத்தில் எங்கள் அலுமாரியும் லொறியில் ஏறப்போகிறது.

அன்றைக்காவது உண்மையைச் சொன்னேனா என்றால், இல்லை. கொழும்பு எனக்கு ஒத்துவராது, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், இங்கேயே கொழுந்துக்குப் பேர் பதிந்துகொள்கிறேன் என்றேன். பொய்யிலும் ஒரு வீறாப்பு. அப்பா கோழிக்கூட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அம்மா சண்டைக்கு வந்தார். தன் முழங்காலைக் காட்டி, இதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தேனா என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் எங்கே போய்க் குடியிருப்பது என்று நான் கேட்டபோது அடுப்பை ஊதப் போய்விட்டார்.

ஆபீசுக்கு நானும் அப்பாவும் போனோம். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர், ஆனால் காகிதம் இல்லாமல் மூச்சுக்கூட விடமாட்டார். ஃபைலைப் பிரித்து, அப்பா கொடுத்த கடிதத்தையே எடுத்து மேசையில் வைத்தார். இந்தப் பிள்ளைக்கு வேறு இடத்தில் பேர் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கே வெட்டியதற்குக் காகிதம் வந்தால்தான் இங்கே பதிய முடியும் என்றார். அப்பா அதைத் தலையாட்டி ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் பழைய இடத்தில் பேர் வெட்டியதற்கான பத்துச்சீட்டு இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம், அதுதான் முறை என்று எனக்கும் விளக்கினார். எனக்கு வேலையே கொடுக்காத கம்பெனியிடம் போய், என்னை வேலையிலிருந்து நீக்கியதாக நான் கடிதம் வாங்க வேண்டும்.

எழுதினேன். தயவுசெய்து என் பேரை உங்கள் பட்டியலிலிருந்து வெட்டி, வெட்டியதாக ஒரு கடிதம் தாருங்கள் என்று, வேலை கேட்டபோதுகூட எழுதாத பணிவோடு எழுதினேன். ஒன்பது மாதமாக மனிதக் குரலே இல்லாத அந்தக் கம்பெனியிலிருந்து மறுநாளே ஒரு பெண் பதில் போட்டார். நீங்கள் போவது எங்களுக்கு வருத்தம், ஏன் போகிறீர்கள் என்று ஏழு கேள்வி. எங்கள் பட்டியலில் இருந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கடைசிக் கேள்வி. கடிதம் அவசரமாகத் தேவைப்பட்டதால் ஐந்தும் கொடுத்தேன். இரண்டு நாளில் கடிதம் வந்தது. உங்கள் வேண்டுகோளின்படி உங்கள் விவரங்கள் அழிக்கப்பட்டன, உங்கள் ஆரோக்கியப் பயணம் சிறக்க வாழ்த்துகள் என்று மூன்று வரி, மேலே பச்சையில் ஓடுகிற மனிதனின் படம். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்தேன். கலரில்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கள்ளக் கடிதம் என்று நினைப்பார்களாம்.

பெரிய கிளாக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். தோட்டத்தில் என்னைத் தவிர அந்த மூன்று வரியைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் காது சுட்டது. அப்பா மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னங்கய்யா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

கிளாக்கர் கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. விட மனசில்லையாம். புள்ளையே கேட்டதால விடுறாங்களாம்" என்றார். பிறகு செக்ரோலை எடுத்து, மாதக் கடைசியில் வெட்ட வேண்டிய அம்மாவின் பேருக்கு நேராகப் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு, கீழே என் பேரை எழுதினார். காம்பராவைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அப்பா கும்பிட்டார். எனக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது.

திரும்பி வரும் வழியில், பாதி இறக்கத்தில் அப்பா நின்றார். கீழே புள்ளைக் காம்பரா தெரிந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா குழந்தைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரு வாசிச்சது ஒன்னு, சொன்னது ஒன்னு. இல்ல?" என்றார் அப்பா.

நான் ஆமாம் என்றேன்.

"வேலையே குடுக்கலையா அவங்க?"

"பேரை மட்டும்தாம்ப்பா எடுத்தாங்க."

அவர் கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப ஒன் வேலைய நான்தான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார்.

இல்லை, நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், முதல் நாளே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேசரியைக்கூடச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். இவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கடிதத்தில் என்ன இருந்தது என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பா முந்திக்கொண்டார்.

"விடவே மனசில்லையாம். இந்த மாதிரி புள்ள கெடைக்காதுன்னு எழுதியிருக்காங்க. கிளாக்கரே ரெண்டு தரம் வாசிச்சாரு" என்றார். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஒரு பேர் இரண்டு இடத்தில் இருந்தால் களவு என்று, யாரும் கேட்காமலே ஆபீசுக்கு நடந்த மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பழைய கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழுவாத புள்ள. அவ்வளவு சொல்லி எழுதுனவங்க, திரும்பக் கூப்பிடுவாங்க" என்றார்.